ஏற்பதா, மறுப்பதா: 1866 ஜூனில் தாடியஸ் ஸ்டீவன்ஸ் முன் இருந்த வழிகள்

1866ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் நாள், வாஷிங்டனில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில், பென்சில்வேனியா மாநிலத்தின் லான்காஸ்டரிலிருந்து வந்த உறுப்பினர் தாடியஸ் ஸ்டீவன்ஸ் பேச எழுந்தார். அப்போது அவருக்கு வயது 74. பிறவியிலேயே ஒரு பாதம் வளைந்தவர். உடல்நலமும் வெகுவாகக் குன்றியிருந்தது. ஐந்து வாரங்களுக்கு முன், இதே சபையில், விடுதலை பெற்ற அடிமைகளின் உரிமைகளைக் காக்க வரைந்த பதினான்காம் அரசியலமைப்புத் திருத்தத்தில், கலகத்துக்குத் துணை நின்றவர்களின் வாக்கை நிறுத்திவைக்கும் மூன்றாம் பிரிவைக் காக்க, "மூன்றாம் பிரிவைத் தாருங்கள், இல்லையேல் எதுவுமே வேண்டாம்" என்று முழங்கியவர் அவர். இடைப்பட்ட நாட்களில் செனட் சபை அந்தப் பிரிவை அடியோடு மாற்றி, திருத்தத்தைத் திருப்பி அனுப்பியிருந்தது. அதை அப்படியே ஏற்றுக்கொள்ளும்படி சபையைக் கேட்பதற்காகத்தான் அவர் அன்று எழுந்தார்.

கொள்கைக்காக வாழ்ந்த ஒருவர் கடைசிக் காலத்தில் தளர்ந்துபோன கதை இது என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் முன் அன்று எத்தனை வழிகள் இருந்தன, ஒவ்வொன்றும் எதைத் தந்திருக்கும், எதைப் பறித்திருக்கும் என்று ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தால், பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கச் சட்டமன்ற வாழ்வின் மிகக் கடினமான தேர்வுகளுள் ஒன்றை அவர் சரியாகவே செய்தார் என்ற முடிவுக்குத்தான் நான் வருகிறேன். ஆனால் அந்தச் சரியான முடிவுக்கு மற்றவர்கள் கொடுத்த விலை சிறியதல்ல. அதையும் கணக்கில் எழுதித்தான் ஆக வேண்டும்.

முதலில் ஆளைப் பற்றி. 1792இல் வெர்மான்ட் மாநிலத்தின் டான்வில் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை குடும்பத்தைக் கைவிட்டுப் போனபின், நான்கு பிள்ளைகளையும் தாய் சாரா உழைத்து வளர்த்தார். டார்ட்மவுத் கல்லூரியில் 1814இல் பட்டம் பெற்று, பென்சில்வேனியாவின் யார்க் நகரில் பகலில் பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே சட்டம் படித்தார். வேறு வேலை பார்த்துக்கொண்டு சட்டம் படிப்பவரைச் சேர்ப்பதில்லை என்று உள்ளூர் வழக்கறிஞர்கள் விதி வைத்திருந்ததால், எல்லை தாண்டி மேரிலாந்தின் பெல் ஏர் நகரில் தேர்வெழுதி, 1816இல் கெட்டிஸ்பர்க்கில் தொழில் தொடங்கினார். பின்னர் கடன் தொல்லை மிகுந்தபோது, 1842இல், வழக்குகள் அதிகம் உள்ள லான்காஸ்டருக்குக் குடிபெயர்ந்தார். மாநிலச் சட்டமன்றத்தில் அவர் செய்தவற்றுள் மிகப் பெரியது 1835 ஏப்ரலில் நிகழ்ந்தது: அதற்கு முந்தைய ஆண்டுதான் நிறைவேறியிருந்த இலவசப் பொதுப்பள்ளிச் சட்டத்தை நீக்கிவிட ஒரு சபை முடிவெடுத்திருந்த நிலையில், மறு சபையில் அவர் ஆற்றிய ஒரே உரை காற்றைத் திருப்பிச் சட்டத்தைக் காப்பாற்றியது.

இந்த வாழ்க்கையில் இரண்டு நிகழ்ச்சிகளை மட்டும் நெருங்கிப் பார்க்க வேண்டும். 1866இன் முடிவை அவை இல்லாமல் புரிந்துகொள்ள முடியாது.

முதலாவது 1821ஆம் ஆண்டு வழக்கு. அடிமை ஒருவரைத் தொடர்ந்து ஆறு மாதங்கள் பென்சில்வேனியாவில் வைத்திருந்தால் அவர் விடுதலை பெற்றவராகிவிடுவார் என்பது அம்மாநிலத்தின் 1780ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வந்த விதி. மேரிலாந்து எஜமானர் ஒருவர் சாரிட்டி பட்லர் என்ற பெண்ணைப் பலமுறை பென்சில்வேனியாவுக்கு அழைத்து வந்து போனார். அந்த நாட்களையெல்லாம் கூட்டினால் ஆறு மாதம் தாண்டுகிறது, எனவே தானும் தன் குழந்தைகளும் அடிமைகள் அல்ல என்பது அவருடைய கோரிக்கை. ஆறு மாதம் என்றால் இடைவெளியில்லாத ஆறு மாதம், விட்டுவிட்டு வந்த நாட்களைக் கூட்ட முடியாது என்று எதிர்த்தரப்பில் வாதாடி வென்ற இளம் வழக்கறிஞர் ஸ்டீவன்ஸ்தான். கட்சிக்காரருக்காக வாதாடுவது தொழில்தர்மம் என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்த வெற்றியால் ஒரு தாயும் பிள்ளைகளும் அடிமைத்தளையிலேயே கிடந்தார்கள். அதற்குப் பிறகு வந்த காலமெல்லாம் அவர் மறுபக்கத்தில் நின்று, தப்பியோடி வந்த அடிமைகளுக்காக வாதாடினார். 1851இல் கிறிஸ்டியானா ஊரில் அடிமை பிடிக்க வந்த எஜமானர் கொல்லப்பட்டு, காஸ்ட்னர் ஹான்வே மீது தேசத்துரோக வழக்குப் போடப்பட்டபோது, அவரை விடுவித்த வழக்கறிஞர் குழுவில் ஸ்டீவன்ஸ் இருந்தார். சட்டத்தில் ஒரு சொல்லின் பொருள் எப்படிக் கொள்ளப்படுகிறது என்பதில் மனிதர்களின் விடுதலை தொங்குகிறது என்பதை, தன் கையாலேயே தவறான பக்கத்தில் செய்து பார்த்துத் தெரிந்துகொண்டவர் அவர்.

இரண்டாவது 1838. பென்சில்வேனியா மாநிலத்தின் அரசியலமைப்பைத் திருத்தக் கூடிய மாநாட்டில் அவர் உறுப்பினர். அதுவரை சட்டத்தில் நிறம் பற்றிய பேச்சில்லாததால், வரி கட்டிய கறுப்பினத்தவர் சில மாவட்டங்களில் வாக்களித்து வந்தார்கள். மாநாடு வாக்குரிமைப் பிரிவில் 'வெள்ளையர்' என்ற சொல்லைச் செருகியது. ஸ்டீவன்ஸ் அந்த ஆவணத்தில் கையெழுத்திட மறுத்துவிட்டார்.

ஆக, 1838இல் மறுத்தவர் 1866இல் ஏற்றார். இரண்டுமே கறுப்பினத்தவரின் வாக்குரிமை பற்றியவை. ஏன் இந்த வேறுபாடு என்பதே கேள்வி.

1866இன் நிலைமையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உள்நாட்டுப் போர் முடிந்து லிங்கன் கொல்லப்பட்டபின் பதவிக்கு வந்த ஆண்ட்ரூ ஜான்சன், தென்மாநிலங்களைத் தாராளமாக மன்னித்து, பழைய ஆட்கள் கையிலேயே ஆட்சி போய்ச்சேர வழிவிட்டார். மிசிசிப்பி, தென் கரோலினா போன்ற மாநிலங்கள் விடுதலை பெற்ற மக்களைப் புதிய பெயரில் கட்டிப்போடும் 'கறுப்புச் சட்டங்களை' இயற்றின. பிரிவினைக் கூட்டமைப்பின் துணைத் தலைவராக இருந்த அலெக்சாண்டர் ஸ்டீவன்ஸையே ஜார்ஜியா மாநிலம் செனட்டுக்குத் தேர்ந்தெடுத்தது. பெயர் ஒத்திருந்தாலும் அவர் முற்றிலும் வேறு ஆள். 1865 டிசம்பர் 4ஆம் நாள் சபை கூடியபோது, ஸ்டீவன்ஸின் அணுக்கரான எழுத்தர் எட்வர்டு மெக்பெர்சன் பெயர்ப் பட்டியலை வாசிக்கையில் தென்மாநில உறுப்பினர்களின் பெயர்களை விட்டுவிட்டு வாசித்தார். டென்னசியின் ஹொரஸ் மேனார்ட் எழுந்து பேச முயன்றும், பட்டியல் முடியும்வரை அவருக்கு இடம் தரப்படவில்லை. கதவு அப்படித்தான் அடைக்கப்பட்டது. எந்த நிபந்தனையில் திறப்பது என்பதற்காக இரு சபைகளும் சேர்ந்து பதினைந்து பேர் கொண்ட கூட்டுக் குழுவை அமைத்தன. செனட் தரப்பில் மெயின் மாநிலத்தின் ஃபெசன்டன், பிரதிநிதிகள் தரப்பில் ஸ்டீவன்ஸ் தலைமை.

அவசரத்துக்கு ஒரு கணக்கும் காரணம். போருக்கு முன் ஐந்து அடிமைகள் மூன்று பேராக எண்ணப்பட்டு, அதன்படி தென்மாநிலங்களுக்கு இடங்கள் ஒதுக்கப்பட்டன. அடிமைமுறை ஒழிந்ததும் ஐந்து பேரும் ஐந்து பேராகவே எண்ணப்படுவார்கள். ஆனால் அவர்களுக்கு வாக்கில்லை. எனவே போரில் தோற்றவர்களுக்குப் போருக்கு முன்பைவிட அதிக இடங்கள்! பழைய அடிமை மாநிலங்களுக்கு 83 இடங்கள் கிடைக்கும், வாக்கில்லாதவர்களைக் கழித்தால் 46தான் என்று ஸ்டீவன்ஸ் 1865 டிசம்பரிலேயே சபையில் கணக்குச் சொன்னார். அந்த 83 பேரும் வடக்கின் ஜனநாயகக் கட்சியினரும் சேர்ந்தால், வென்றவர்கள் இயற்றிய சட்டங்களை ஒரே பருவத்தில் துடைத்துவிடலாம்.

இந்த நிலையில் முதல் வழி ஜான்சனுடையது: தென்மாநில உறுப்பினர்களை உடனே உள்ளே விட்டு, மீதியை மாநிலங்களிடம் விட்டுவிடுவது. இதில் நின்று பேச எதுவுமில்லை. விடுதலை பெற்ற மக்களின் உயிரும் கூலியும் நேற்றைய எஜமானர்களின் தயவில் விடப்படும் என்பதை, 1866 மே முதல் மூன்று நாட்களில் மெம்ஃபிஸ் நகரில் 46 கறுப்பினத்தவர் கொல்லப்பட்ட படுகொலையே காட்டிவிட்டது.

இரண்டாவது வழி, அரசியலமைப்பைத் தொடாமல் சாதாரணச் சட்டங்களால் காரியத்தை நடத்துவது. இது கேட்பதற்கு எளியது. 1866 ஏப்ரலில் ஜான்சனின் மறுப்பை மீறி குடிமை உரிமைகள் சட்டம் நிறைவேறியது. அது போதாதா என்று நிதானமான உறுப்பினர்கள் பலர் நினைத்தார்கள். மே 8ஆம் நாள் உரையில் ஸ்டீவன்ஸ் இதற்குத் தந்த பதில் ஒரு வழக்கறிஞரின் பதில்: தென்மாநிலத்தாரும் அவர்களுடைய வடக்குத் தோழர்களும் இரு சபைகளும் அடங்கிய காங்கிரஸைக் கைப்பற்றும் முதல் நாளிலேயே அந்தச் சட்டம் நீக்கப்படும் என்றார். சாதாரணப் பெரும்பான்மை போட்டதைச் சாதாரணப் பெரும்பான்மை எடுத்துவிடும். அதோடு, அத்தகைய சட்டம் இயற்றக் காங்கிரஸுக்கு அதிகாரமே இல்லை என்று, திருத்தத்தின் முதல் பிரிவை வரைந்த ஒஹையோவின் ஜான் பிங்கம் உள்ளிட்ட சிலர் கருதினார்கள். அடித்தளமில்லாத சுவருக்கு முதலில் அடித்தளம் வேண்டும்.

மூன்றாவது வழிதான் மனத்தைத் தொடுவது. மாசசூசெட்ஸின் சார்லஸ் சம்னர், அடிமை ஒழிப்பு இயக்கத்தின் வென்டெல் ஃபிலிப்ஸ் போன்றவர்கள் சொன்னது இதுதான்: முழு வாக்குரிமை இல்லாத எந்தத் திருத்தமும் வேண்டாம். இவர்களுடைய வாதத்தை உணர்ச்சிவேகம் என்று ஒதுக்குவது நியாயமில்லை. ஒரு மாநிலம் மக்களில் ஒரு பகுதிக்கு வாக்கை மறுத்தால் அதன் இடங்களைக் குறைப்போம் என்று எழுதினால், வாக்கை மறுக்கும் உரிமை அந்த மாநிலத்துக்கு உண்டு என்று அரசியலமைப்பே ஒப்புக்கொண்டதாகிறது. இனத்தின் பெயரால் செய்யப்படும் அநீதிக்கு ஒரு விலைப்பட்டியல் எழுதுவது அது. சம்னர் இதை எதிர்த்து 1866 பிப்ரவரியில் இரண்டு நாட்கள் செனட்டில் பேசினார். ஸ்டீவன்ஸ் கொண்டுவந்து, ஜனவரி 31ஆம் நாள் 120க்கு 46 என்ற வாக்குகளில் சபையில் நிறைவேறிய முந்தைய பிரதிநிதித்துவத் திருத்தம், மார்ச் 9ஆம் நாள் செனட்டில் 25க்கு 22 என்ற நிலையில் மூன்றில் இரண்டு பங்கு கிட்டாமல் வீழ்ந்தது. வீழ்த்திய வாக்குகளில் அடிமைமுறையை வெறுத்தவர்களின் வாக்குகளும், அதை நேசித்தவர்களின் வாக்குகளும் சேர்ந்தே இருந்தன.

அந்தத் தோல்வியை ஸ்டீவன்ஸ் மறக்கவில்லை. மே 8இல் பேசும்போது, அது சிறுபிள்ளைத்தனமான சொல்லாராய்ச்சியால் வெட்டிச் சாய்க்கப்பட்டது என்று வேதனையோடு குறிப்பிட்டுவிட்டு, இப்போதைய திருத்தமும் நிறைவேறாவிட்டால், அந்த முந்தைய திருத்தத்தின் சாவு கறுப்பின மக்களின் பாதுகாப்பை ஒருவேளை யுகக்கணக்கில் தள்ளிப்போட்டதாகிவிடும் என்றார். சம்னரின் நோக்கத்தில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. ஆனால் அந்த வழியில் நடக்க வேண்டிய வாக்குகள் அன்று நாட்டில் இல்லை. 1865 இலையுதிர் காலத்தில் கனெக்டிகட், விஸ்கான்சின், மின்னசோட்டா ஆகிய மூன்று வடமாநிலங்களும் கறுப்பினத்தவர் வாக்குரிமையை மக்கள் வாக்கெடுப்பில் தோற்கடித்திருந்தன. வடகிழக்கில் உள்ள நியூ இங்கிலாந்துப் பகுதியின் ஐந்து மாநிலங்களில் மட்டுமே நிறம் பார்க்காத வாக்கு இருந்தது. நியூயார்க்கில் கறுப்பினத்தவர் 250 டாலர் சொத்துக் காட்டினால்தான் வாக்கு. ஸ்டீவன்ஸின் சொந்த பென்சில்வேனியாவில் அவர் 1838இல் எதிர்த்த அந்தச் சொல் அப்படியே இருந்தது. போரில் பிரியாத மாநிலங்கள் 25. திருத்தம் நடைமுறைக்கு வர மாநிலங்களில் நான்கில் மூன்று அதை ஏற்க வேண்டும்; 25இல் அது 19. இதைவிடக் கடுமையான எதையும் 19 மாநிலங்கள் ஏற்கும் என்று நாங்கள் நம்பவில்லை என்று அவர் சபையில் வெளிப்படையாகவே சொன்னார்.

நான்காவது வழி ஒன்று கைக்கு எட்டும் தூரத்தில் வந்து நழுவியது. இந்தியானாவின் முன்னாள் காங்கிரஸ் உறுப்பினர் ராபர்ட் டேல் ஓவன் அந்த வசந்தத்தில் ஸ்டீவன்ஸிடம் ஒரு வரைவோடு வந்தார். குடிமை உரிமைகளில் பாகுபாடு உடனே நீங்கும். வாக்குரிமையில் பாகுபாடு 1876 ஜூலை 4ஆம் நாளுக்குப் பிறகு நீங்கும். அதுவரை வாக்கில்லாதவர்கள் சபை இடங்களைப் பங்கிடும் கணக்கில் சேரமாட்டார்கள். பத்தாண்டு அவகாசம், ஆனால் தேதி குறித்த அவகாசம். இதைவிட நல்லது எங்கள் முன் வரவில்லை என்று ஸ்டீவன்ஸ் மகிழ்ந்தார். குழுவும் சாதகமாகவே இருந்தது. அப்போது ஃபெசன்டன் லேசான அம்மை கண்டு படுத்திருந்ததால், அவருக்கு மரியாதை காட்டிச் சில நாள் பொறுக்க முடிவாயிற்று. அந்தச் சில நாட்களில் செய்தி கசிந்தது. நியூயார்க், இல்லினாய், இந்தியானா உறுப்பினர்கள் தனித்தனியே கூடி, வாக்குரிமை என்ற சொல்லோடு வரும் நவம்பர் தேர்தலைச் சந்திக்க முடியாது என்று முடிவெடுத்தார்கள். ஏப்ரல் 28ஆம் நாள் குழு பின்வாங்கியது. அந்த அம்மைதான் நாட்டின் கொள்கையையே மாற்றிவிட்டது என்று ஸ்டீவன்ஸ் வெகுண்டு சபித்ததாக ஓவன் பிற்காலத்தில் எழுதினார்.

எல்லா வழிகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தால், தாளில் மிகச் சிறந்தது ஓவனுடையதுதான் என்பது என் எண்ணம். சம்னர் கேட்டதைக் கொடுத்து, சம்னருக்குக் கிடைக்காத காலத்தையும் அது கொடுத்தது. ஆயினும், அம்மை வராமல் போயிருந்தால் அது நிறைவேறியிருக்கும் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. மூன்று பெரிய மாநிலங்களின் உறுப்பினர்கள் ஏப்ரலில் அஞ்சியதற்கு மே மாதத்திலும் அஞ்சியிருப்பார்கள்.

ஐந்தாவது வழி ஸ்டீவன்ஸே மே மாதத்தில் பிடித்து நின்றது. கூட்டுக் குழுவின் வரைவில் மூன்றாம் பிரிவு, கலகத்துக்குத் தாமாக முன்வந்து துணை நின்ற எல்லாருக்கும் 1870 ஜூலை 4 வரை தேசியத் தேர்தல்களில் வாக்கில்லை என்றது. கறுப்பினத்தவருக்கு வாக்குத் தர முடியாவிட்டால், அவர்களைச் சங்கிலியிட்டவர்களின் வாக்கையாவது நான்காண்டு நிறுத்திவைப்போம் என்பது இதன் உள்ளெண்ணம். மே 10ஆம் நாள் 128க்கு 37 என்று சபை இதை ஏற்றது. செனட் ஏற்கவில்லை. முன்பு அரசியலமைப்புக்கு உறுதிமொழி எடுத்துப் பதவி வகித்துவிட்டுப் பின் கலகத்தில் சேர்ந்தவர்கள் இனிப் பதவி வகிக்கக் கூடாது என்று மட்டும் அதைச் சுருக்கியது. காங்கிரஸ் மூன்றில் இரண்டு பங்கு வாக்கில் அந்தத் தடையையும் நீக்கலாம். மறுபக்கம், அமெரிக்காவில் பிறந்தவர் அனைவரும் குடிமக்கள் என்ற வாக்கியத்தை முதல் பிரிவின் தலையில் சேர்த்தது. ஜூன் 8ஆம் நாள் 33க்கு 11 என்று நிறைவேற்றியது. சம்னரும் இறுதியில் ஆதரித்தே வாக்களித்தார்.

இப்போது ஸ்டீவன்ஸ் முன் மிஞ்சியவை இரண்டே. செனட்டின் வடிவத்தை நிராகரித்துத் தன் மூன்றாம் பிரிவுக்காக நிற்பது, அல்லது ஏற்பது.

நிற்பதால் என்ன கிடைத்திருக்கும்? ஜூலை இறுதியில் காங்கிரஸ் கலையவிருந்தது, நவம்பரில் தேர்தல். மக்கள் முன் வைக்கத் திட்டம் எதுவும் இல்லாமல் ஸ்டீவன்ஸின் குடியரசுக் கட்சி தேர்தலுக்குப் போனால், திட்டம் வைத்திருந்த ஒரே ஆள் ஜான்சன்தான். மேலும் அந்த மூன்றாம் பிரிவை நான் எவ்வளவு பரிவோடு வாசித்தாலும், அது 1870இல் தானாகவே காலாவதியாகும் ஒன்று. நான்காண்டு ஆயுளுள்ள ஒரு பிரிவுக்காக, காலவரையற்ற குடியுரிமையையும் சட்டத்தின் சமப் பாதுகாப்பையும் பணயம் வைப்பது நல்ல பேரமல்ல. நீதிமன்ற வழக்கில் சொல்வதானால், முழுக் கோரிக்கைக்கும் டிகிரி, அதாவது தீர்ப்பாணை, கிடைக்காதபோது, கிடைக்கும் பகுதிக்கு டிகிரி வாங்கிக்கொண்டு, மிச்சத்தைக் கேட்கும் உரிமையைக் கைவிடாமல் காத்துக்கொள்வதுதான் கட்சிக்காரருக்குச் செய்யும் நன்மை. மிச்சத்தை விட்டுவிட்டேன் என்று எங்கேயும் எழுதிக் கொடுத்துவிடக் கூடாது. அதில்தான் வழக்கறிஞரின் சாமர்த்தியம் இருக்கிறது.

ஸ்டீவன்ஸ் எழுதிக் கொடுக்கவில்லை. திருத்தத்தை ஏற்கும் மாநிலங்களை உடனே உள்ளே விடுவோம் என்று உறுதி தரும் மசோதா ஒன்றும் கூட்டுக் குழுவிலிருந்து வந்திருந்தது. அது நிறைவேறவே இல்லை. ஜூன் 13 உரையிலும் அவர் தன் எதிர்ப்பை மூடி மறைக்கவில்லை. மூன்றாம் பிரிவில் செய்த மாற்றத்தை முன்னேற்றமாகக் கருத இயலாது, அடுத்த காங்கிரஸையும் குடியரசுத் தலைவர் பதவியையும் அது கலகக்காரர்களிடமே கொடுத்துவிடலாம் என்றார். இனி நம்பிக்கை ஒன்றுதான் உண்டு. மாநிலங்களை மீண்டும் சேர்க்கும் சட்டங்களில் கறுப்பினத்தவர் வாக்குரிமையை முன்நிபந்தனையாக வைப்பதே அது என்றும் சொன்னார். ஏற்கிற உரையிலேயே அடுத்த வழக்குக்கான மனுவையும் தாக்கல் செய்துவிட்டார்.

அந்த உரையின் நடுப்பகுதியை வாசிக்கும்போதெல்லாம் எனக்குக் குரல் தழுதழுக்கிறது. இளமையிலும் நடுவயதிலும் முதுமையிலும் ஒரு கனவு கண்டேன் என்கிறார்: ஏதாவது ஒரு நல்வாய்ப்பு நம் அமைப்புகளின் அடித்தளத்தைச் சிறிது காலம் பெயர்த்துப் போடும்போது, மனித ஒடுக்குமுறையின் எந்தச் சுவடும் எஞ்சாதபடி அதைத் திரும்பக் கட்டுவோம் என்று. அந்தக் கனவு கலைந்துவிட்டது. பழைய கட்டடத்தின் மிக மோசமான பகுதிகளை மட்டும் ஒட்டுப்போட்டுவிட்டு, மற்ற இடங்களில் கொடுங்கோன்மையின் புயலும் பனியும் புகுந்து வீசும்படி விட்டுவைக்கும் நிலைக்கு வந்திருக்கிறோம் என்கிறார். பிறகு தானே கேள்வி கேட்டுக்கொண்டு பதில் சொல்கிறார்: இத்தனை குறையுள்ள ஒன்றை ஏன் ஏற்கிறேன்? "ஏனென்றால் நான் மனிதர்களுக்கு நடுவே வாழ்கிறேன், தேவதூதர்களுக்கு நடுவே அல்ல, என் அளவுக்கு அறிவும் உறுதியும் தற்சிந்தனையும் உள்ள மனிதர்கள் அவர்கள், என்னோடு உடன்படாத அவர்கள் தங்கள் கருத்தை எனக்காக விட்டுத்தர விரும்பவில்லை."

எதிர்த்து நின்றவர்களை அறிவிலிகள் என்றோ கோழைகள் என்றோ அவர் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கிடைத்ததைக் கிடைத்தது என்றும், கிடைக்காததைக் கிடைக்கவில்லை என்றும் சபைக் குறிப்பில் ஏற்றிவிட்டு அமர்ந்தார்.

இப்போது 1838க்குத் திரும்பலாம். அன்று அவர் கையெழுத்திட்டாலும் இடாவிட்டாலும் அந்த அரசியலமைப்பு நிறைவேறத்தான் போகிறது; அவர் மறுப்பால் யாருக்கும் எந்தப் பாதுகாப்பும் குறையவில்லை. கையெழுத்திட்டிருந்தால் பறிப்புக்கு உடந்தை ஆகியிருப்பார். மேலும் அந்த ஆவணம் இருந்த உரிமையைப் பறித்தது. 1866இன் ஆவணம் இருந்த எதையும் பறிக்கவில்லை. தர வேண்டியதில் ஒரு பங்கை மட்டும் தந்தது. அவர் மறுத்திருந்தால் விலை கொடுத்திருக்க வேண்டியவர்கள் மெம்ஃபிஸ் போன்ற ஊர்களில் இருந்தவர்கள், லான்காஸ்டர் தெற்கு குவீன் தெருவில் சொந்த வீட்டில் வாழ்ந்த ஸ்டீவன்ஸ் அல்ல. அதனால்தான் இரண்டு முடிவுகளும் சரி என்கிறேன்.

பின்னர் நடந்தவை அவருடைய கணக்கைப் பெரும்பாலும் மெய்ப்பித்தன. 1866 நவம்பரில் குடியரசுக் கட்சி பெருவெற்றி பெற்றது. டென்னசி தவிர்த்த பத்துத் தென்மாநிலங்களும் திருத்தத்தை நிராகரித்தன. மென்மையான நிபந்தனையையே அவர்கள் தள்ளிவிட்டதால், முன்பு தயங்கிய வடக்கு உறுப்பினர்களும் கடுமைக்குத் தயாரானார்கள். 1867 மார்ச் 2ஆம் நாள், ஜான்சனின் மறுப்பை மீறி நிறைவேறிய மறுசீரமைப்புச் சட்டம், பத்து மாநிலங்களை ஐந்து ராணுவ மாவட்டங்களாக்கி, கறுப்பின ஆண்களும் வாக்களித்து உருவாக்கும் புதிய அரசியலமைப்புகளையும் பதினான்காம் திருத்தத்தை ஏற்பதையும் மறுசேர்க்கைக்கு முன்நிபந்தனையாக்கியது. அந்த ஆண்டு 7 லட்சத்துக்கும் மேற்பட்ட கறுப்பின ஆண்கள் வாக்காளர்களாகப் பதிவு செய்தார்கள். ஜூன் 13 உரையில் விட்டுவைத்த கதவு ஒன்பது மாதங்களில் திறந்தது.

ஆனால் விலையைச் சொல்கிறேன் என்றேன். திருத்தத்தின் இரண்டாம் பிரிவு, வாக்காளரைக் குறிக்க 'ஆண்' என்ற சொல்லை முதன்முறையாக அமெரிக்க அரசியலமைப்புக்குள் கொண்டுவந்தது. பெண்கள் வாக்குரிமைக்குப் போராடிய எலிசபெத் கேடி ஸ்டான்டனும் சூசன் ஆன்டனியும் கொதித்தது நியாயமே. வாக்கை மறுக்கும் மாநிலத்தின் இடங்களைக் குறைப்போம் என்ற, அதே இரண்டாம் பிரிவின் தண்டனை ஒருமுறைகூட எந்த மாநிலத்தின் மீதும் பாயவில்லை. 1890இல் மிசிசிப்பி தொடங்கி வைத்த புதிய தந்திரங்களால் தெற்கில் கறுப்பினத்தவரின் வாக்கு பறிபோனபோது, அவர்களுடைய தலைகள் இடக் கணக்கில் மட்டும் முழுதாக எண்ணப்பட்டன. ஸ்டீவன்ஸ் 1865இல் அஞ்சிய 83 இடங்களின் அநீதி அச்சுப் பிசகாமல் வந்து சேர்ந்தது. சம்னர் சொன்ன விலைப்பட்டியலில் யாரும் விலைகூடக் கட்டவில்லை.

அப்படியென்றால் சம்னர் வழியே சரி என்றாகுமா? ஆகாது என்பதற்கு 1870இன் பதினைந்தாம் திருத்தமே சான்று. இனத்தின் பெயரால் வாக்கை மறுக்கக் கூடாது என்று அது நேராகவே எழுதியது. அதையும் எழுத்தறிவுத் தேர்வு, தலைவரி என்று சுற்றிக்கொண்டு போனார்கள். 1965இன் வாக்குரிமைச் சட்டம் வரும்வரை நிலைமை மாறவில்லை. எழுத்தின் கூர்மை மட்டும் போதவில்லை. எழுத்தைக் காக்கும் பலம் கீழே இருந்தாக வேண்டியிருந்தது.

அந்தப் பலம் நிலத்தில் இருக்கிறது என்று ஸ்டீவன்ஸ் நம்பினார். என் கணிப்பில் அந்த ஆண்டுகளின் மெய்யான இழப்பு அதுதான். 1865 செப்டம்பர் 6ஆம் நாள் லான்காஸ்டரில் பேசும்போது, 200 ஏக்கருக்கு மேல் வைத்திருந்த பெரிய கலகக்காரர்களின் நிலத்தைப் பறிமுதல் செய்து, விடுதலை பெற்ற ஒவ்வொரு ஆணுக்கும் 40 ஏக்கர் தந்துவிட்டு, மீதியை விற்றுப் போர்க்கடனை அடைக்கலாம் என்று ஏக்கர் கணக்குப் போட்டுக் காட்டினார். சொந்த நிலத்தில் நிற்பவனின் வாக்கைப் பறிப்பது, எஜமானனின் நிலத்தில் கூலிக்கு நிற்பவனின் வாக்கைப் பறிப்பதைப்போல எளிதல்ல. ஆனால் 1866 பிப்ரவரியில் நிலம் தரும் பிரிவைச் சபையில் வாக்குக்கு விட்டபோது ஆதரவு 37, எதிர்ப்பு 126. சாதாரணப் பெரும்பான்மைக்கு அருகில்கூட வராத வழி அது. அதை ஒரு தேர்வாகக் கணக்கில் வைக்கவே அன்று இடமில்லை.

பதினான்காம் திருத்தம் 1868 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. ஆகஸ்ட் 11ஆம் நாள் நள்ளிரவில் ஸ்டீவன்ஸ் வாஷிங்டனில் இறந்தார். லான்காஸ்டரின் பெரிய இடுகாடுகள் வெள்ளையர்க்கு மட்டும் என்று விதி வைத்திருந்ததால், எல்லா இனத்தாரையும் ஏற்ற ஷ்ரைனர் இடுகாட்டில் இடம் எடுத்துக்கொண்டு, அதற்கான காரணத்தையும் தன் கல்லறையில் எழுதிவைக்கச் செய்திருந்தார். தன் உடலை மட்டும் பொறுத்த முடிவில் அவர் பேரம் பேசவில்லை.

அவர் வரைவுக் குழுவில் இருந்த அந்தத் திருத்தத்தின் 'சட்டத்தின் சமப் பாதுகாப்பு' என்ற தொடர் 1896இல் உச்ச நீதிமன்றத்தால் முடக்கப்பட்டு, 1954இல் பள்ளிகளில் இனப்பிரிவினையை நீக்கிய தீர்ப்பில் உயிர்பெற்று எழுந்தது. பென்சில்வேனியாவில், அவர் கையெழுத்திட மறுத்த 1838 அரசியலமைப்பின் 'வெள்ளையர்' என்ற சொல் 1870இல் பதினைந்தாம் திருத்தத்தால் செயலற்றுப்போனது. 1874இல் நடைமுறைக்கு வந்த புதிய அரசியலமைப்பின் வாக்குரிமைப் பிரிவில் அந்தச் சொல் இல்லை. 'ஆண்' என்ற சொல் அதில் இருந்தது.